பல்லுக்காரம்மாவின் மோட்டார்

அந்த அம்மாவின் சைக்கிளுக்குள் மோட்டார் இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் முடிதிருத்துபவர். கத்தி என் கழுத்தில் இருக்கும்போது சொன்னதால் நான் மறுத்துப் பேசவில்லை. இரண்டாவதாகச் சொன்னவர் மருந்துக் கடைக்காரர். அவர் கணக்கில் மோட்டார் தபாலில் வந்தது. மூன்றாவது ஆள் தபால்காரரேதான். "ஆமா, நான்தானே குடுத்தேன். பார்சல் என்ன கனம்ங்கிறீங்க!" என்றார். பிறகு விசாரித்ததில் பார்சலில் வந்தது பல் செட் செய்வதற்குத் தாடை அச்சு வார்க்கும் வெள்ளை மாவு, பத்து கிலோ. அது தெரிந்த பிறகும் தபால்காரர் தன் சாட்சியத்தை வாபஸ் வாங்கவில்லை.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இரண்டு வழி உண்டு. கேள்விப்பட்டதை எழுதுவது ஒன்று. விசாரித்துவிட்டு எழுதுவது இன்னொன்று. முதலாவது சீக்கிரம் முடியும். இந்தத் தடவை ஏனோ இரண்டாவதில் கால் வைத்தேன். வைத்த காலில் மூன்று நாள் சதைப்பிடிப்பு.

விஷயம் இதுதான். ஊரில் ஒரு சைக்கிள் சங்கம் இருக்கிறது. ஞாயிறு விடிந்ததும் பதினைந்து இருபது பேர் சைக்கிள் கடை வாசலில் கூடி, வயல்களுக்கு நடுவே ஓடும் குறுகலான பாதைகளில் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் வாலிபர்கள். ஒரு விரலால் தூக்கக்கூடிய சைக்கிள்கள். அதைவிட லேசான உடைகள். அவர்கள் போகும் வழியில் அடுத்தடுத்து ஏழு மேடுகள் வரும். ஒன்றும் மலையில்லை. ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நாலாவதில் நுரையீரல் வாய் வழியாக எட்டிப் பார்க்கும். அந்த நாலாவதில்தான் பல்லுக்காரம்மா எல்லாரையும் தாண்டிப் போவார். வயது ஐம்பத்து நான்கு. குள்ளம், கனத்த உடம்பு, பழைய இரும்பு சைக்கிள். கால்கள் ஏதோ தையல் மெஷின் மிதிப்பது போல மெதுவாகச் சுற்றும். வாய் மூடியிருக்கும். தாண்டிப் போனதைக்கூட வாலிபர்கள் மன்னித்திருப்பார்கள். அந்த மூடிய வாயைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சங்கத்தின் செயலாளர், விபத்து இன்ஷூரன்ஸ் கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் உத்தியோகத்தில் முப்பது வருஷம் இருப்பவர். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கும் மனிதர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி இலவசமாக நம்புவார்? சங்கத்தின் தாளில் அந்த அம்மாவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்: வரும் ஞாயிறு, சீட்டைத் தாங்கும் தண்டைக் கழற்றி, சைக்கிளின் இரும்புச் சட்டத்துக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சங்கத்தோடு வரக்கூடாது.

கழற்றிக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நானும் நினைத்துத்தான் போனேன்.

அவர் வேலை செய்யும் இடம், பல் மருத்துவமனையின் பின்பக்கம், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் நீள அறை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்; இவர் அதற்குப் பல் செட் செய்து கொடுப்பார். மேசை நிறைய வெள்ளைத் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஓர் எண். மெழுகு உருக்கச் சின்ன விளக்கு. ஓயாமல் கீச்சிடும் ராவுகிற மெஷின். இருபத்தெட்டு வருஷமாக அது அவருடைய வலது பக்கம் இருக்கிறது. அதனால் வலது காது போய்விட்டது. யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. வலது பக்கம் உட்கார்ந்து, பத்து நிமிஷம் மிக நயமாக, சுற்றி வளைத்து, மனம் நோகாதபடி பேசி முடித்தேன்.

"முடிச்சிட்டீங்களா?" என்றார். "இப்ப இந்தப் பக்கம் வந்து சுருக்கமா சொல்லுங்க."

இடது பக்கம் போனேன். "உங்க சைக்கிள்ல மோட்டார் இருக்கறதா ஊர்ல பேசிக்கிறாங்கம்மா."

"எத்தனை குதிரை சக்தியாம்?"

"அதைச் சொல்லலை."

"கேட்டுச் சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்." மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கிக்கொண்டே பேசினார். "சீட்டைக் கழட்டச் சொல்றாங்க. அது ஃபிரேமோட ஒட்டிக்கிட்டு வருஷக்கணக்காச்சு. அறுத்தாத்தான் வெளிய வரும். அறுத்தா சைக்கிள் இல்லை. என் உயரத்துக்கு இந்த ஊருக்கு வந்தது ஒரே ஒரு ஃபிரேம், அது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி."

"அப்ப சங்கத்தை விட்டுத் தள்ளுங்க. தனியாப் போங்களேன்."

கத்தியைக் கீழே வைத்தார். "என் பொண்ணு நர்ஸ். விபத்து வார்டு. 'ஒரு காது கேக்காம ரோட்டுல தனியாப் போனேன்னா, அப்புறம் உன்னை என் வார்டுலதான் பார்ப்பேன். கூட ஆள் இருந்தா போ'ன்னுட்டா. சைக்கிள் பூட்டுச் சாவி அவ கைப்பையில இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்துத் தருவா. சங்கத்துல பின்னாடி வர்றவங்க 'வண்டி!'ன்னு கத்துவாங்க, நான் ஒதுங்குவேன். அதுக்குத்தான் சங்கம்."

ஆக, அறுத்தால் சைக்கிள் போச்சு. அறுக்காவிட்டால் சங்கம் போச்சு, சங்கம் போனால் சாவி போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுத்த திங்கட்கிழமை இந்த அம்மா சைக்கிள் இல்லாதவர்.

சைக்கிள் ஓட்ட ஆரம்பித்த கதையும் ஒன்றும் லட்சியக் கதையில்லை. நாற்பத்து மூன்று வயதில் பஸ் நின்றுபோனதால் சைக்கிள் வாங்கினார். ஒரு நாள் காலை, வேலைக்குப் போகிற வழியில், திரும்ப வேண்டிய முனையில் திரும்ப மறந்து நேராகப் போய்விட்டார். "நேரா போனா என்ன இருக்குன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து வேலைக்கு வந்தபோது, புதுப் பல்லுக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர் பொக்கை வாயோடு கோபப்பட முயன்று கொண்டிருந்தாராம். டாக்டர் சம்பளத்தில் பிடித்தார். "பிடிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். அன்னிக்குப் பார்த்ததுக்கு அது ரொம்ப மலிவு."

கிளம்பும்போது, சங்கத்தில் யார் யாருக்குப் பல் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அது தொழில் ரகசியம். ஆனா அங்க நாலு பேர் சிரிக்கிறது என் சிரிப்பு" என்றார். செயலாளர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கடிதம் கொடுத்த அன்று பல்லைக் கடித்தார் என்று கேள்வி. யார் பல் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து சைக்கிள் கடைக்காரர். சீட்டுத் தண்டு ஏன் ஒட்டிக்கொண்டது என்று கேட்டேன். கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"சார், எழுதிட மாட்டீங்களே?"

"மாட்டேன்" என்றேன்.

"இரும்பு ஃபிரேம், உள்ள அலுமினியத் தண்டு. நடுவுல கிரீஸ் தடவித்தான் சொருகணும். இல்லைன்னா மழைத் தண்ணியும் வேர்வையும் இறங்கி ரெண்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆயிடும், பிரிக்க முடியாது. இந்தத் தொழில்ல முதல் பாடமே அதுதான்." குரல் தாழ்ந்தது. "அன்னிக்கு அந்தம்மா வேலைக்கு நேரமாச்சுன்னு பறந்தாங்க. அந்தப் பரபரப்புல மறந்துட்டேன். ஒரு விரல் கிரீஸ் சார். பதினோரு வருஷமா வெளிய சொல்லலை."

"மோட்டார் இருக்குமா?"

"நான் சொருகினப்ப இல்லை. அப்புறம் யாரும் உள்ள போக வழியில்லை. ஆனா இதைச் சொன்னா கிரீஸ் கதையையும் சொல்லணுமே! நீங்க ஒண்ணு பண்ணுங்க. மோட்டார் ஓடினா சூடாகும். மேடு ஏறி முடிச்சதும் ஃபிரேமைத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்க்க வேண்டுமானால் கூடப் போக வேண்டும். கடைக்காரரிடமே ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை விடியலில் அந்த அம்மாவின் வீட்டு வாசலில் நின்றேன். மகள் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தார். என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். வார்டில் புதிதாக வந்தவரைப் பார்க்கும் பார்வை.

"இவரா கூட ஆளு? அம்மா, இவர் விழுந்தா நீ தூக்காதே, உனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்."

ஊர் முடிந்ததும் பாதை இரண்டு பக்கமும் சோளத்துக்கு நடுவே நுழைந்தது. முதல் மேட்டின் உச்சியில் சோளம் விலகியது. நான் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டேன். களைப்பினால் மட்டுமல்ல.

யாரோ ஒரு பெரிய போர்வையை உதற, அது தரையில் படிவதற்குள் அப்படியே நின்றுவிட்டது போல இருந்தது நிலம். பச்சை மடிப்பு, உழுத மண்ணின் செம்மடிப்பு, சூரியகாந்தியின் மஞ்சள் மடிப்பு, அதற்கப்பால் மறுபடி பச்சை. பள்ளங்களில் பனி தங்கியிருந்தது. பாதை அந்த மடிப்புகளில் மேலே தெரிந்து, கீழே ஒளிந்து, மேலே தெரிந்து, கடைசியில் ஒரு நூலாகி வானத்தில் ஏறியது. இந்த ஊரில் இருபது வருஷமாக இருக்கிறேன். நகராட்சியின் குப்பைத் தொட்டி ஒவ்வொன்றையும் பற்றி எழுதியிருக்கிறேன். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதில் ஊழல் எங்கே என்றுதான் கேட்டிருப்பேன்.

"பார்த்தாச்சா? அப்ப வாங்க" என்று அவர் இறங்க ஆரம்பித்தார்.

பள்ளத்தின் அடியில் பாதை வளைகிறது. வளைவைச் சோளம் மறைக்கிறது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. புத்தியுள்ள எவனும் அங்கே பிரேக் பிடிப்பான். நான் இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் பிடிக்கவில்லை. உடம்பைச் சற்றே வளைத்து, கல் உருள்வது போலப் போய் வளைவில் மறைந்தார். சத்தமே இல்லை. அடுத்த கணம் எதிர் மேட்டில் பாதி உயரத்தில் இருந்தார், இன்னும் மிதிக்க ஆரம்பிக்காமலே. உச்சிக்குச் சற்று முன்னால் ஏழெட்டு மிதி. அவ்வளவுதான். நான் அதே மேட்டில் எண்பத்திரண்டு மிதி மிதித்தேன். எண்ணுவதைத் தவிர வேறு எதற்கும் மூளையில் காற்று இல்லை.

மேலே வந்ததும் முதல் காரியமாகச் சீட்டுக்குக் கீழே சட்டத்தைப் பிடித்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. பனித்துளி கையில் ஒட்டியது.

"காய்ச்சல் இருக்கா?" என்றார்.

"எப்படிம்மா?"

"இறங்கும்போது கிடைக்கிற வேகத்தை அடுத்த மேடு வாங்கிக்கும். நீங்க அதைப் பள்ளத்துலயே தூக்கிப் போட்டுட்டு, அப்புறம் காலால சம்பாதிக்கப் பார்க்கறீங்க. எல்லாரும் அப்படித்தான். என் உடம்புக் கனம் வேற இறக்கத்துல தள்ளுது, அது ஒரு சொத்து."

"எதிர்ல டிராக்டர் வந்தா?"

என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "ரோட்டைப் பார்க்காதீங்க. ரோடு இங்கிருந்து தெரியாது. அதோ, வளைவுகிட்ட வாய்க்கால். வெள்ளையா என்ன இருக்கு?"

"கொக்கு."

"உட்கார்ந்திருக்கா, எழுந்திருச்சா?"

"உட்கார்ந்திருக்கு."

"அப்ப வழி காலி. இந்த ஒத்தைக் காதுக்கு வண்டி எங்க வருதுன்னு தெரியாது, அதுங்களுக்குத் தெரியும். எழுந்திருச்சா நானும் உங்களை மாதிரி பிரேக்தான்."

ஏழு பள்ளத்திலும் அடையாளம் வைத்திருந்தார். வாய்க்கால் ஓடும் பள்ளங்களில் கொக்கு. ஒன்றில் வேலியோரம் மேயும் மாடுகள் தலையைத் தூக்குகின்றனவா என்பது. ஒன்றில் ஒரு பண்ணை வீட்டு நாய்; அது படுத்திருந்தால் உலகத்தில் எல்லாம் நலம். மெழுகில் மயிரிழை கூடினால் மேல் பல்லும் கீழ் பல்லும் சேராது. அந்தக் கண்ணைக் கொண்டுபோய் பதினோரு வருஷம் இந்த வயல்களின் மேல் வைத்திருக்கிறார். காது மூடிய இடத்தில் ஒரு நாட்டையே காவலுக்கு நிறுத்தியிருக்கிறார். எனக்கு நக்கலடிக்க எதுவும் தோன்றவில்லை. தொழிலுக்கு ஆபத்தான நிலைமை.

திரும்பும் வழி வேறு, சமவெளி. காற்று நேர் எதிரே அடித்தது. அங்கே சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றை வாங்குவார். பின்னால் வருகிறவர் அவருடைய முதுகின் நிழலில் சுகமாக வருவார். ஒரு மைல்கல்லிலிருந்து அடுத்த மைல்கல் வரை ஒருவர் முறை. முறை தவறினால் அதற்குப் பெயர் காற்றுக் கடன். அன்று பன்னிரண்டு மைல்கற்கள். பன்னிரண்டிலும் அவர்தான் முன்னால். அந்த அகலமான முதுகுக்குப் பின்னால் நான் ராஜாவைப் போல வந்தேன். ஒவ்வொரு கல்லிலும் "இதோ அடுத்தது நான்" என்று சத்தமாகச் சொன்னேன், வலது பக்கத்திலிருந்து.

ஊர் வந்ததும் நேராகச் செயலாளரிடம் போனேன். நானே பிடித்துப் பார்த்தேன், சட்டம் ஜில்லென்று இருக்கிறது என்றேன்.

"போன மாசம் நகராட்சிக் கட்டடம் ராத்திரியில நடந்து போகுதுன்னு எழுதினீங்களே, அதுவும் நீங்க பிடிச்சுப் பார்த்ததுதானா?" என்றார்.

என் சாட்சியத்துக்குச் சந்தையில் அவ்வளவுதான் விலை.

ஞாயிறு வந்தது. எல்லாரும் சைக்கிள் கடையில் கூடாமல் ஏழாவது மேட்டின் உச்சியில் கூடினோம். அது அந்த அம்மாவின் ஏற்பாடு. கடைக்காரர் கையில் இரும்பறுக்கும் ரம்பம். அது செயலாளரின் ஏற்பாடு. முந்தின நாளே அந்த அம்மா செயலாளரிடம் பேசியிருந்தார்.

"அறுத்துக்கலாம் சார். அதுக்கு முன்னாடி ஒரு தரம் என் பின்னாடி வாங்க. ஏழு மேடு, பத்தடி தள்ளி. நான் பிரேக் பிடிச்சா நீங்களும் பிடிங்க. நான் பிடிக்கலைன்னா நீங்களும் பிடிக்காதீங்க. பிரேக்கைத் தொடாம வந்தும் நீங்க பின்தங்கிட்டா, அது மோட்டார்தான். நானே ஃபிரேமைப் பிடிச்சுக்கறேன், நீங்க அறுங்க."

"நான் பிரேக்கைத் தொட்டேனா இல்லையான்னு யார் பார்ப்பாங்க?"

"நீங்கதான்."

உச்சியிலிருந்து பார்த்தால் பாதை முழுதும் காலடியில் கிடந்தது. தூரத்து முதல் மேட்டில் இரண்டு புள்ளிகள் தோன்றின. ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. இறங்கின. பள்ளத்தில் மறைந்தன. மேலே வந்தபோது நடுவே அதே பத்தடி. பக்கத்தில் நின்ற வாலிபன் ஒருவன், "அட, நம்ம செயலாளரும் பறக்கறாரே!" என்றான். இரண்டாவதிலும் அப்படியே.

மூன்றாவது இறக்கத்தில் திடீரென்று வாய்க்காலோரம் வெள்ளையாக ஏதோ சிதறியது. கொக்குக் கூட்டம் மொத்தமாக எழுந்தது. குண்டுப் புள்ளியின் கை உயர்ந்தது. இரண்டு சைக்கிளும் பாதை ஓரத்தில் ஒட்டி நின்றன. பாதை வெறுமையாகத்தான் இருந்தது. பிறகு வளைவிலிருந்து, பாதையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஒரு வைக்கோல் மலை நகர்ந்து வந்தது. அதற்கு அடியில் எங்கேயோ ஒரு டிராக்டர்.

கடைக்காரர் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு, "அந்தம்மாவுக்கு யார் சொன்னது?" என்று என்னைக் கேட்டார். நான் வானத்தைக் காட்டினேன். கொக்குகள் ஒரு வட்டமடித்து மறுபடி வாய்க்காலில் இறங்கிக் கொண்டிருந்தன, ஒன்றும் நடக்காதது போல.

அவர்கள் அடுத்த மேட்டைச் சிரமப்பட்டு ஏறினார்கள். வேகத்தை டிராக்டர் வாங்கிக்கொண்டதே. நாலாவது இறக்கத்தில் குண்டுப் புள்ளி மறுபடி கல்லாக உருண்டது. ஒல்லிப் புள்ளியும் உருண்டது. பள்ளத்தில் இரண்டும் மறைந்தன. வெளியே ஒன்றுதான் வந்தது. அது மேட்டின் பாதியில் இருக்கும்போது மற்றது மெல்லத் தலைகாட்டியது. ஐந்தாவதில் இடைவெளி இரட்டிப்பானது. ஆறாவதில் ஒல்லிப் புள்ளி, புள்ளியாகவே இல்லை.

பல்லுக்காரம்மா வாய் மூடியபடி எங்களிடம் வந்து இறங்கினார். முகத்தில் வேர்வை, கண்ணில் பயம். பயம் அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இனி எல்லாம் செயலாளரின் ஒரு சொல்லில் இருக்கிறது. "தொடவில்லை" என்று அவர் சொன்னால் ரம்பம் எழும். மறுக்க ஓர் ஆள் இல்லை. பதினோரு வருஷமும், ஏழு பள்ளமும், அந்தக் கொக்குகளும் அதோடு சரி.

செயலாளர் வந்து சேர ஐந்து நிமிஷம் ஆயிற்று. சைக்கிளைப் படுக்கப் போட்டார். முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். கடைக்காரர் ரம்பத்தை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். செயலாளர் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். முப்பது வருஷமாக அடுத்தவர் பொய்யைத் தேடின மனிதர், அன்றைக்குத் தன் கையையே விசாரித்ததைப் பார்த்தேன்.

"நாலாவதுல பிடிச்சேன்" என்றார். "முடியலைங்க. மனசு சொல்லுச்சு பிடிக்காதேன்னு, கை கேக்கலை." கொஞ்சம் நிறுத்தி, "ஆறாவதுலயும் பிடிச்சேன்."

"அஞ்சாவதுலயும்" என்றார் பல்லுக்காரம்மா.

"முதுகுல கண்ணு இருக்கா உங்களுக்கு?"

"இடது காது நல்லாத்தான் இருக்கு சார். உங்க பிரேக் கீச்சிடுது. கடைக்காரர்கிட்ட குடுத்துச் சரி பண்ணிக்குங்க."

"கிரீஸ் போட வேண்டியதைப் போட்டுத் தரேன் சார்" என்று கடைக்காரர் அவசரமாகச் சொன்னார். சொன்ன பிறகு என்னைப் பார்த்தார். எழுத மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். நீங்களும் படிக்காதது போல இருந்துவிடுங்கள்.

செயலாளர் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மாவிடமிருந்து கடிதத்தைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஞாயிறு முதல் அவர் சங்கத்தின் முன்வரிசையில் போவதில்லை. அந்த அம்மாவுக்கு வலது பின்பக்கமாக, காது போன பக்கமாகப் பார்த்துப் போகிறார். வண்டி வந்தால் "வண்டி!" என்று அவர் போடுகிற சத்தத்தில் கொக்குகளே எழுந்துவிடுகின்றன என்று வாலிபர்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் கத்தலின்போது அவருடைய முன்பற்கள் வெயிலில் நன்றாக மின்னுகின்றன. நல்ல வேலைப்பாடு.

முடிதிருத்துபவரிடம் உண்மையைச் சொன்னேன். மோட்டார் இல்லை, முந்தின இறக்கம்தான் அடுத்த மேட்டை ஏற்றுகிறது, கொக்கு பார்த்துச் சொல்கிறது என்றேன். கத்தியை நிறுத்தி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மோட்டாரே நம்பும்படியா இருந்துச்சு சார்" என்றார்.

மிச்சமிருப்பது என் காற்றுக் கடன். பன்னிரண்டு மைல்கல். போன வாரம் கட்டிவிடலாம் என்று துணிந்து இரவல் சைக்கிளில் போனேன். திரும்பும் வழியில் அந்த அம்மாவைத் தாண்டி முன்னால் போய், மார்பை விரித்து, மூன்று கல் தூரம் சிங்கம் போல இழுத்தேன். நாலாவது கல்லில் அவர் பக்கத்தில் வந்தார்.

"சந்தோஷம். ஆனா இன்னிக்குக் காத்து முதுகுப் பக்கம் அடிக்குது. இது கணக்குல சேராது."

அப்போதுதான் கவனித்தேன், என் சட்டை எனக்கு முன்னால் பறந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் மொட்டை மாடிக் கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிறேன். எதிர்காற்று அடிக்கிற நாள்களில் எனக்கு அவசரமாக ஏதாவது எழுத வேண்டியிருக்கிறது. இன்றைக்கு எழுதியது இது.